கைதட்டாத ஞாயிறு

டமார் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தது.

உள்ளே ஈரச் சட்டையோடு தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். இரண்டாவது அடி விழுவதற்குள் வெளியே ஒரு கரகரத்த குரல் அதட்டியது.

"வண்டியை எதுக்குடா அடிக்கிறே? கம்பெனி வண்டி அது. பெயிண்ட் போச்சுன்னா உங்கப்பனா வந்து அடிச்சுக் கொடுப்பான்?"

அடித்தவன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து, அடித்த இடத்தைத் துடைத்தான். அங்கே சிரிக்கும் முள்ளங்கி ஒன்றின் படம் வரைந்திருந்தது. கமினோசே கால்பந்துக் கிளப்புக்கு சொனோபே ஊறுகாய்த் தொழிற்சாலை இரவல் கொடுத்திருந்த பஸ் அது.

கேப்டன் ஹன்சாவா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். செப்டம்பர் மழை. கிளப்பின் ரசிகர் படை பஸ்ஸைச் சுற்றி நின்றது. ஐம்பது பேர் இருக்கலாம். பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கக் கூடாதென்று எல்லோரும் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் கோபம் ஏறினாலும் கமினோசேக்காரர்களுக்கு வரிசை கலையாது.

வரிசைக்கு முன்னால் கை ஒலிபெருக்கியோடு நின்றார் ஒகுயாமா. அதட்டிய குரல் அவருடையதுதான். ரசிகர் படையின் தலைவர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடிகிற வரை மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களைப் பார்த்தபடி நின்று, அவர்களைப் பாட வைப்பது அவர் வேலை. பத்து வருஷமாகப் பந்தாட்டத்துக்கு வருகிறார், ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை என்று அவர் காதுபடவே கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்று அவர் சிரிக்கவில்லை. தோற்றது அப்படிப்பட்ட தோல்வி. நாட்டின் மூன்றாம் பிரிவு லீக் புதிதாகத் தொடங்கிய முதல் சீசன் அது. அதில் ஒரு விநோத அணி இருந்தது. பெரிய கிளப்புகளில் ஆட வாய்ப்பில்லாமல் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களை லீக்கே வாராவாரம் பொறுக்கியெடுத்து அனுப்பும். இந்த வாரம் இருப்பவன் அடுத்த வாரம் இருக்கமாட்டான். ஒருவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரிவதே வருகிற வழியில், ரயிலில்தான். அந்த அணியிடம், சொந்த மைதானத்தில், கமினோசே மூன்று கோல் வாங்கியிருந்தது.

பட்டியலில் கடைசி இடம். அதற்குக் கீழே போக வழியில்லை, ஏனென்றால் முதல் சீசனில் யாரையும் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவதில்லை என்று விதி. 'விழுறதுக்குக்கூட நமக்குப் பள்ளம் இல்லை' என்று உடை மாற்றும் அறையில் கோல்கீப்பர் ஒருநாள் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸின் முன் இருக்கையில், திரையை இழுத்து மூடிக்கொண்டு கிளப் தலைவர் குவாபரா உட்கார்ந்திருந்தார். நகராட்சியில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்புகளைத் தவிர வேறெதையும் நேருக்கு நேர் பார்த்துப் பழக்கமில்லை.

"நீ போப்பா," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "உன் மூஞ்சியைப் பார்த்தா அடங்கிடுவாங்க. நீ அவங்க வீட்டுப் பிள்ளை மாதிரி."

ஹன்சாவா இறங்கினான். சேற்றில் நின்று, இடுப்பு வரை வளைந்து குனிந்தான். ஒகுயாமா ஒலிபெருக்கியின் வாயைச் சட்டைக் கையால் துடைத்து அவனிடம் நீட்டினார். மன்னிக்க வேண்டும், அடுத்த ஆட்டத்தில் கட்டாயம் ஜெயிப்போம் என்று மார்ச் மாதத்திலிருந்து சொல்லிவரும் அதே வார்த்தைகளைச் சொன்னான். அவன் பேசி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

"கேப்டன், நீங்க குனிஞ்சது போதும்," என்றார் ஒகுயாமா. "வருஷம் பூரா நீங்கதான் குனியறீங்க, முதுகு தாங்காது. நாங்க கேக்கறது தலைவரை. இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். என்ன சொன்னாலும் சரி. திட்டினாக்கூடப் பரவாயில்லை."

முன் இருக்கைத் திரை லேசாக ஆடியது. விலகவில்லை.

இருட்டத் தொடங்கும்வரை நின்றார்கள். பிறகு ஒகுயாமா கையைத் தூக்கினார், கூட்டம் வழி விட்டது. சேறும் சகதியுமான சந்தில் பஸ் பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்கும் ஒகுயாமாதான் முன்னால் நின்று, இடது, வலது என்று கை காட்டி அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை அதே ஒகுயாமா, தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து, ஊறுகாய்ப் பீப்பாய்களை ஹன்சாவாவின் முன்னால் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பிரிவில் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் கிளப்புக்கு மூன்று நான்கு பேர்தான். மற்றவர்களுக்கு மதியம் வரை வேலை, அதன்பிறகு பயிற்சி. ஹன்சாவாவின் வேலை, பீப்பாயில் தவிட்டுக்குள் ஊறிய முள்ளங்கியை எடுத்து, ஒட்டிய தவிட்டைக் கழுவி அடுக்குவது. விரல்களில் ஏறிய மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போவதில்லை. மைதானத்தின் ஓரத்திலிருந்து பந்தைக் கையால் எறியும்போது எதிரணிக்காரர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள். 'ஊறுகாய் வந்துட்டான், சோறு எடுத்து வைங்க' என்பார்கள். ஆரம்பத்தில் வலித்தது, பிறகு பழகிவிட்டது.

"ராத்திரி குளிருக்கு முட்டி வலிக்குதா?" என்று கேட்டார் ஒகுயாமா, ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு.

"கொஞ்சம்."

"நீ வெந்நீர்ல கால வைக்கணும்டா. சொன்னா கேக்கமாட்டே."

அவ்வளவுதான். நேற்றைய மூன்று கோலைப் பற்றிப் பேச்சே இல்லை. நேற்று 'நீங்க, கேப்டன்' என்றவர்தான் இன்று 'நீ, டா' என்கிறார். அது அவர்கள் இருவருக்குள் இருந்த சட்டம். பல வருஷங்களுக்கு முன்னால், கிளப் ஆற்றங்கரை மைதானத்தில் மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தோல்வியைப் பற்றி இருவரும் பீப்பாய்களுக்கு நடுவே சண்டை போட்டு, ஒரு பீப்பாயையே கவிழ்த்துவிட்டார்கள். ஊறுகாய்த் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒகுயாமா சட்டம் போட்டார்.

"வேலை இடத்துல பந்து வேணாம். மைதானத்துல ஊறுகாய் வேணாம்."

அன்றிலிருந்து இருவரும் அதை மீறியதில்லை. நல்ல சட்டம்தான். அதனால்தான் தோற்ற மறுநாளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

ஹன்சாவா பத்தொன்பது வயதில் இந்தக் கிளப்புக்கு வந்தவன். இப்போது முப்பத்துமூன்று. உடை மாற்ற அறை இல்லாமல் நண்பனின் காருக்குள் குனிந்து மாற்றியிருக்கிறான். கோல் வலை கிழிந்தால் மீன்காரர்களிடம் நூல் வாங்கிப் பின்னியிருக்கிறான். ஒவ்வொரு படியாக ஏறி, புது லீக்கில் இடம் கிடைத்தது என்ற செய்தி வந்த அன்று, தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஆட்டக்காரர்களை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் கல்யாணச் சாப்பாடு போலச் சிவப்பரிசிச் சோறு போட்டார்கள். கமினோசே என்ற பெயர் முதன்முதலாக டோக்கியோ செய்தித்தாளில் வந்தது. பட்டியலில் கடைசியில் என்றாலும் வந்தது.

அவனுக்கு இப்போது ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். இரண்டாவது சீசன். அதில் தான் ஆட வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டாவது என்று ஒன்று இருந்தால்தானே இதை முதல் சீசன் என்று சொல்ல முடியும்? இல்லாவிட்டால், ஒரு வருஷம் நடந்த கூத்து என்றுதான் ஊர் சொல்லும்.

நவம்பர் மாதம் ஒருநாள் குவாபரா அவனைக் கிளப் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். தேநீரை அவரே ஊற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று ஹன்சாவாவுக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். கிளப்பைத் தாங்கிப் பிடித்திருப்பது சொனோபே தொழிற்சாலை. அது கையை எடுத்தால் அடுத்த வருஷம் கிளப் இல்லை. முதலாளி சொனோபேக்கு எழுபத்தெட்டு வயது. ஊர்க்காரர்கள் கேட்டார்களே என்று சரி சொன்னவர், ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. இப்போது வருகிறாராம். கடைசி உள்ளூர் ஆட்டத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்று முடிவு சொல்வாராம்.

"ஜெயிச்சாகணும்னு சொல்றீங்களா?" என்று கேட்டான் ஹன்சாவா.

ஜெயிப்பது தோற்பதெல்லாம் அவருக்குப் புரியாது என்றார் குவாபரா. ஊர் இந்தக் கிளப்பை விரும்புகிறதா, அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அவர் வருகிறாரென்று தெரிந்து ஒரு கடையில் பூச்சாடி வைத்து அலங்கரித்ததற்கு, வாசலோடு திரும்பிப் போன மனுஷர்.

"அதனால உன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா அந்த ஒகுயாமா கூட்டத்துக்கு. தெரிஞ்சா நன்றி வாழ்க வளர்கன்னு துணியில எழுதிக் கட்டிடுவாங்க. காரியம் கெட்டுப் போகும்."

ஹன்சாவா தலையாட்டினான். ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல பஸ்ஸிலிருந்து இறங்காத மனிதர், அவர்களை மட்டும் நன்றாக அளந்து வைத்திருக்கிறாரே என்று வெளியே வந்தபிறகுதான் தோன்றியது.

ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மலை உச்சிகளில் பனி இறங்கியிருந்தது. தொழிற்சாலைக் கிடங்குக்குப் பின்னால் ஒகுயாமா குந்தி உட்கார்ந்து, முதலாளியின் கறுப்புக் காருக்குப் பனிக்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கார் டிரைவர் சிகரெட்டோடு நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஹன்சாவா கையாட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இடம் பிடித்தான்.

ஒகுயாமா வந்து எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சோற்று உருண்டை, பொரித்த மீன், அதே மஞ்சள் ஊறுகாய். ஹன்சாவாவின் தொண்டையில் அந்த ஒரு வாக்கியம் மீன் முள்ளைப் போல நின்றது. நாளைக்கு முதலாளி வர்றார். மூன்றே வார்த்தை.

சட்டம் குறுக்கே நின்றது. குவாபராவின் எச்சரிக்கை அதைவிடக் குறுக்கே நின்றது. கடைசியில் அவன் சட்டத்தைப் பாதி மட்டும் உடைத்தான்.

"ஒகுயாமா சான். நாளைக்கு... எப்பவும் போலப் பாடுவீங்கல்ல?"

ஒகுயாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, மறைந்தது.

"வேலை இடத்துல பந்து வேணாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாருமாச் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கோம். நீ அதை நினைச்சு மனசப் போட்டுக் குழப்பிக்காதே. உன் ஆட்டத்த ஆடு" என்றார்.

தன் டப்பாவிலிருந்த மீனில் பாதியைப் பிய்த்து அவன் டப்பாவில் வைத்தார். ஹன்சாவா அதைத் தின்றான். என்ன முடிவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

ஞாயிறு காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து பெய்தது.

அணி மைதானத்துக்குள் நுழையும்போதே ஹன்சாவா கவனித்தான். கோலுக்குப் பின்னால், ரசிகர் படை நிற்கும் மேட்டில் வழக்கமாகக் கட்டும் பதாகைகள் எல்லாமே கட்டியிருந்தன. எல்லாமே தலைகீழாக. அவன் பெயர் எழுதிய துணியும் தலைகீழாகத்தான் தொங்கியது.

அதற்கு என்ன பொருள் என்று பந்தாட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நிர்வாகத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். முரசு கொண்டுவந்திருந்தார்கள். அதைக் கறுப்புத் துணியால் போர்த்தி வைத்திருந்தார்கள். இன்று பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை, கிளப் தலைவர் குவாபரா வந்து நிற்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. கொடுமை என்னவென்றால் அன்று கூட்டம் அதிகம். கடைசி ஆட்டம் என்று தொழிற்சாலையிலிருந்து மட்டும் முந்நூறு பேர் வந்திருந்தார்கள்.

ஹன்சாவா பக்கவாட்டில், பெரிய கூரை போட்ட இருக்கைகளைப் பார்த்தான். குவாபராவுக்குப் பக்கத்தில், முழங்காலில் கம்பளி போர்த்திக்கொண்டு முதலாளி சொனோபே உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், கோயிலுக்கு வந்தவர் போல. குவாபராவின் முகம் தவிட்டு நிறத்தில் இருந்தது. அவர் எழுந்து அந்த மேட்டுக்கு நடந்திருக்கலாம். நூறு அடி தூரம். ஒரு வார்த்தை போதும். முதலாளிக்கு முன்னால் எழுந்து போவது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. பந்தை உதைக்கும் சத்தம், மூச்சிரைக்கும் சத்தம், நடுவரின் விசில். வேறொன்றும் இல்லை. ஒரு வருஷமாக எத்தனை தோல்வியிலும் ஓயாத பாட்டு இல்லாமல், ஈரத் தரையில் தன் காலடி தனக்கே கேட்பது ஹன்சாவாவுக்கு என்னவோ போலிருந்தது. எழவு வீட்டில் ஓடி விளையாடுவது போல. எதிரணிக்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். அன்று ஊறுகாய் என்று யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாம் பாதியில், முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது, கமினோசேக்கு ஒரு கார்னர் கிடைத்தது. தடுப்பாட்டக்காரனான ஹன்சாவா முன்னே போனான். பந்து வளைந்து வந்தது. அவன் எம்பினான். வலித்த முழங்கால் வலிக்கவில்லை. நெற்றியில் பட்டு, கோல்கீப்பரின் கையை உரசி, பந்து வலைக்குள் விழுந்தது.

அந்த சீசனில் அவன் போட்ட முதல் கோல். நேராக மேட்டைப் பார்த்து ஓடினான். பதினான்கு வருஷப் பழக்கம், கால் தானாகப் போனது. அவன் பெயருக்கு ஒரு பாட்டு இருந்தது. ஊர்த் திருவிழாவில் படகு இழுக்கும்போது பாடும் மெட்டில் ஒகுயாமா கட்டியது. அது கிளம்பும் என்று எதிர்பார்த்தபடி வேலியை எட்டியவன், அங்கேயே நின்றுவிட்டான்.

ஐம்பது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாருடைய வாயும் திறக்கவில்லை. சிலருடைய தாடை நடுங்கியது. நடுவில் ஒகுயாமா. பாட்டு இல்லாததால் அன்று அவர் மைதானத்தைப் பார்த்து நின்றிருந்தார். பத்து வருஷத்தில் முதன்முறையாக, தன் அணியின் கோல் ஒன்றை அவர் நேரில் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் மழை ஓடியது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

மற்ற இருக்கைகளிலும் அதே கதை. கோல் விழுந்தால் முதலில் மேடுதான் ஆர்ப்பரிக்கும், பிறகுதான் மற்றவர்கள். மேடு அசையாததால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு பெண் இரண்டு மூன்று முறை கைதட்டிவிட்டு, தான் மட்டும்தான் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுக் கையை மடியில் புதைத்துக்கொண்டாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். சொந்த மைதானத்தில் முதல் வெற்றி. ஆட்டக்காரர்கள் கைகோத்து வரிசையாக நின்று நான்கு பக்கமும் குனிந்தார்கள். பனி விழும் சத்தம் கேட்பது போல அவ்வளவு அமைதி.

நிமிர்ந்தபோது ஹன்சாவா கூரைப் பக்கம் பார்த்தான். முதலாளி சொனோபே எழுந்து நின்றிருந்தார். அவர் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, ஏதோ தவறு செய்தவரைப் போல, ஆழமாகத் தலை வணங்கினார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கும் முன், வழக்கம்போல எல்லோரும் கிடங்கு முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வையாளர் பேச வேண்டிய இடத்தில் முதலாளியே வந்து நின்றார். கையில் தாள் இல்லை.

தனக்குப் பந்தாட்டம் தெரியாது என்று தொடங்கினார். ஊர் கேட்டது, கொடுத்தேன், கொடுத்தால் ஊர் சந்தோஷப்படும் என்று நம்பினேன் என்றார். நேற்றுப் போய்ப் பார்த்தேன் என்றார்.

"ஜெயிச்சாங்க. இந்த வருஷத்துல இங்க ஜெயிக்கறது அதுதான் முதல் தடவைன்னு பக்கத்துல இருந்தவர் சொன்னார். ஒருத்தர் கை தட்டல. பேர் எழுதின துணியெல்லாம் தலைகீழாத் தொங்குது, அதைத் திருப்பிக் கட்டணும்னுகூட யாருக்கும் தோணல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கம்பெனி முகத்துக்காக அத்தனை பேரும் மழையில வந்து உட்கார்ந்திருக்கீங்க. வேணாம்னு என்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரல. ஒரு வருஷம் உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். இனிமே அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம்."

முந்நூறு பேருக்கு முன்னால் அந்தக் கிழவர் இடுப்பு வரை குனிந்தார்.

அப்படியில்லை என்று சொல்ல ஹன்சாவாவுக்கு வாய் துடித்தது. காலை வரிசையில் யாரும் குறுக்கே பேசியதில்லை. அவன் ஒகுயாமாவைத் தேடினான். இரண்டு வரிசை முன்னால், அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. முதலாளி குனிந்தால் பதிலுக்குக் குனிய வேண்டும். அத்தனை பேரும் குனிந்தார்கள். ஒகுயாமாவும் குனிந்தார். ஹன்சாவாவும் குனிந்தான். பிறகு ஒலிபெருக்கியில் தினசரி உடற்பயிற்சி இசை தொடங்கியது. எல்லோரும் கையைத் தூக்கி, இறக்கி, இடுப்பை வளைத்தார்கள்.

பீப்பாய்கள் அடுக்கிய மூலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடாமல் நின்றது. ஒகுயாமா அதன் படியில் உட்கார்ந்திருந்தார். ஹன்சாவா போய் அவர் முன்னால் நின்றான்.

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்றான். தலைகீழாகக் கட்டுவதற்கு என்ன பொருள், ஏன் யாரும் பாடவில்லை, எல்லாவற்றையும் முதலாளியிடம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றான்.

"யாரு போய்ச் சொல்றது?" என்றார் ஒகுயாமா. "எல்லார் முன்னாடியும் குனிஞ்சுட்டாரு. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டீங்கன்னு எவன்டா போய்ச் சொல்றது அவர்கிட்ட? நீ சொல்வியா?"

ஹன்சாவா தன் மஞ்சள் விரல்களைப் பார்த்தான். அடுத்த வருஷமும் மஞ்சளாகத்தான் இருக்கும். எறிவதற்குப் பந்துதான் இருக்காது.

"என் தப்பு," என்றான் கடைசியில். "அவரு வர்றாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். குவாபரா யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்துல எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க. ஒரு வார்த்தை உங்ககிட்ட சொல்லியிருந்தேன்னா பாடியிருப்பீங்க."

ஒகுயாமா இல்லை என்று தலையாட்டினார். பிறகு, பத்து வருஷம் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அந்தக் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"டயர் மாட்டும்போதே டிரைவர் சொல்லிட்டான்டா, அவரு வர்றாருன்னு. குவாபரா மேல இருக்கற குறை அவரு காதுலயும் விழட்டும்னுதான் அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு நின்னோம்."